தோணிக்குள் அடைத்த மடை

தோணி என்றால் தண்ணீர் ஊறத்தான் செய்யும். இந்தச் சின்ன விஷயம் என் வீட்டுக்காரருக்குப் பிடிபட ரொம்ப நாளாயிற்று. "ஓட்டைய அடைக்கிறத விட்டுட்டு தெனமும் எறைச்சுக்கிட்டே இருக்காரே ஒங்க அப்பா, இதென்ன பொழப்பு?" என்று கல்யாணமாகி வந்த புதிதில் என்னிடம் கேட்டார். ஓட்டை என்று ஒன்று இருந்தால்தானே அடைப்பதற்கு? பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து, குங்கிலியமும் எண்ணெயும் காய்ச்சிய கீலைப் பூசினாலும், பழைய மரம் வெயிலில் சுருங்கும், அலையில் முறுக்கிக்கொள்ளும், எங்கேயாவது வேர்க்கும். எங்கள் தோணியோ அப்பா வாங்கும்போதே பழசு. ஒற்றைப் பாய்மரம். ஓட்டுவதற்கு மூன்று ஆள் இருந்தால் போதும். நாலைந்து மாட்டுவண்டிச் சுமையை ஏற்றிக்கொண்டு கரையோரமாகவே போய்வரும்.

நான் அந்தத் தோணியில் ஒருநாள்கூடக் கடலுக்குப் போனதில்லை. பெண்பிள்ளை ஏறக்கூடாது என்பார்கள். ஆனால் அது கரையில் கிடக்கும்போது உள்ளே இறங்கிக் கழுவலாம், துடைக்கலாம், அழுக்கை வழித்துக் கொட்டலாம். அதற்கு மட்டும் யாரும் ஆட்சேபணை சொன்னதில்லை. அதனால் அதன் வயிறு எனக்கு நன்றாகத் தெரியும்.

ஊறுகிற தண்ணீர் மிதிபலகைக்கு அடியில் சேரும். அங்கே மீன்முள் மாதிரி குறுக்கே வரிசையாக மரங்கள் இருக்கும். ஒவ்வொரு குறுக்கு மரத்தின் அடியிலும் கோழிமுட்டை நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். முன்பக்கம் ஊறுகிற தண்ணீர் அந்த ஓட்டைகள் வழியாகக் கட்டம் கட்டமாக ஓடி, பின்பக்கப் பள்ளத்துக்கு வந்துவிடும். அங்கிருந்து இறைத்து வெளியே கொட்ட வேண்டும். தவிடு, நார், மீன் செதிள் என்று ஏதாவது ஓட்டையை அடைத்துக்கொள்ளும் என்பதால், எல்லா ஓட்டைகளையும் கோத்து ஒரு தேங்காய்நார்க் கயிறு கிடக்கும். அதை முன்னும் பின்னும் இழுத்துவிட்டால் அழுக்கு விலகித் தண்ணீர் ஓடும். அடித்தண்ணீர் சமாச்சாரம் இவ்வளவுதான்.

முதலில் தகர டப்பாவால்தான் இறைத்தார்கள். பிறகு அப்பா நாகப்பட்டினத்தில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து கைப்பம்பு ஒன்றை வாங்கி வந்தார். எந்தக் கப்பலை உடைத்து எடுத்ததோ, தெரியாது. பின்பக்கப் பள்ளத்தில் அதன் குழாயை இறக்கிப் பொருத்தினார்கள். நின்றுகொண்டே கைப்பிடியை ஏற்றி இறக்கினால் தண்ணீர் மேலே வந்து கடலில் கொட்டும். குனிய வேண்டாம், மிதிபலகையைத் தூக்க வேண்டாம். அப்பாவுக்கு அதில் ஒரே பெருமை. ஊரில் பாதிப் பேருக்கு அதை அடித்துக் காட்டினார்.

நாங்கள் விவசாயக் குடும்பம்தான். ஊர் ஜெகதாப்பட்டினத்திலிருந்து நடக்கிற தூரம். இப்போது அங்கே இருக்கிற விசைப்படகு, ஐஸ் பேக்டரி எதுவும் அப்போது கிடையாது. எங்கள் வயலில் உப்பு ஏறிவிட்டதால் அப்பா தோணிக்கு மாறினார். எனக்கு அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. ஆகவே வீட்டோடு இருக்கிற மாப்பிள்ளையாகத் தேடினார். குளத்தூர்ப் பக்கத்து மானாவாரிக் காட்டிலிருந்து ஒருவர் கிடைத்தார். சின்ன வயதிலேயே தகப்பனை இழந்தவர். மழை பொய்த்துப் பொய்த்து, நிலம் கிடந்தும் பிழைப்பில்லாதவர். கடலை முதன்முதலில் பார்த்தபோது, "இம்புட்டுத் தண்ணியும் உப்பா?" என்று வயிறெரிந்து கேட்டார். அந்த ஒரு கேள்விக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

என் தலையெழுத்து, எங்கள் வீட்டு வழக்கப்படி மாமனாரும் மருமகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள். சண்டை இல்லை, மரியாதை. அந்நியத்தில் சம்பந்தம் என்பதால் மரியாதை இன்னும் ஒரு படி தூக்கல். ஒரே கூரையின் கீழ் கைக்கெட்டும் தூரத்தில் இருவரும் இலைபோட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

"ஆத்தா, மாப்ளைக்கு இன்னுங் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளு."

"போதும்னு சொல்லு."

நடுவில் நான் தபால்காரி. சும்மா கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரியும் இல்லை. "மாப்ளைக்கு ஒரு முடிச்சுக்கூட ஒழுங்காப் போடத் தெரியலைன்னு சொல்லு" என்று அப்பா சொன்னால், "அப்பா ஒரு புது முடிச்சுக் காட்டித் தாரேன்னாங்க" என்று போய்ச் சேரும். "ஒங்க அப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி" என்று இவர் சொன்னால், "ஒங்க மன உறுதிய அவுக ரொம்பப் பெருமையாச் சொல்றாக" என்று போகும். அப்படித்தான் அந்த வீடு ஓடியது. கடலில் என் வேலையைப் பாய் கட்டுகிற ஆள் பார்த்தார். அப்பாவோடு ரொம்ப காலம் இருந்தவர். "மாப்ளைய அந்தக் கயித்த இழுக்கச் சொல்லுப்பா" என்று அப்பா சொல்வார். இவர் அதற்குள் இழுத்து முடித்திருப்பார். அப்புறமும் பாய்க்காரர் ஒருமுறை சத்தம் போட்டுச் சொல்வார். அது முறை.

கல்யாணமான இரண்டாவது வருஷம் பம்பு மக்கர் செய்தது. உள்ளே இருக்கிற தோல் வாஷர் தேய்ந்து, அடிக்க அடிக்கக் காற்றுதான் வந்தது. என் வீட்டுக்காரர் பம்பைக் கழற்றிப் பார்த்தார். மாடு பூட்டித் தோல்பையால் கிணற்றுத் தண்ணீரைக் கமலை இறைக்கிற ஊரில் வளர்ந்தவருக்குத் தோலைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஊருக்குப் போய்க் கமலைத் தோலில் ஒரு துண்டு வாங்கி வந்து, விளக்கெண்ணெயில் ஊறப்போட்டு, அளவாக வெட்டி மாட்டினார். அடித்தால் தண்ணீர் கையளவு கனத்துக்கு வந்து கொட்டியது. அப்பா பார்த்துக்கொண்டே நின்றார். மத்தியானம் சாப்பிடும்போது, "பம்பு இப்ப நல்லா இழுக்குதுன்னு சொல்லு ஆத்தா" என்றார். அதை நான் கொஞ்சம்கூட இனிப்புச் சேர்க்காமல் சொன்னேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு ரசத்தை இரண்டாம் முறை வாங்கிக் குடித்தார்.

அந்த ஒரு பாராட்டோடு சரி. கடலில் அவருக்குக் கால் நிலைக்கவில்லை. வாந்தி எடுப்பார். காற்று திரும்புவதைப் பாய் படபடத்த பிறகுதான் கண்டுபிடிப்பார். தொண்டியில் ஒருவர் தோணியை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். "இந்த வாடக் காத்து முடியட்டும். மாப்ள தோணிக்குத் தேறிட்டா அவருகிட்ட விட்டுடுவேன். தேறலைன்னா கொடுத்துடுறதுதான்" என்று அப்பா என்னிடம் சொன்னார். இவரோ, "தோணி இல்லைன்னா எனக்கு இங்க என்ன வேல? குளத்தூருக்கே போயிருவோம்" என்றார். அப்பா குளத்தூருக்கு வரமாட்டார். கடல் சத்தம் கேட்காத இடத்தில் அவருக்குத் தூக்கமே வராது. ஆக, தோணி கைமாறினால் நான் இருவரில் ஒருவரை விட்டாக வேண்டும்.

தை அறுவடைக்குப் பிறகு அதிராம்பட்டினத்திலிருந்து நெல் ஏற்றி வருவார்கள். அந்த வருஷத்து முதல் நடையில் அடி மூட்டைகள் நனைந்துபோயின. தோணி ஆடும்போது பின்பக்கப் பள்ளத்துத் தண்ணீர் ஓட்டைகள் வழியாக முன்னுக்கும் வந்து மிதிபலகையைத் தொட்டிருக்கிறது. கரையில் மூட்டையைப் பிரித்தால் நெல் உப்புத் தண்ணீரில் ஊறிப் பாழாகியிருந்தது. அப்பா அதைத் தோணித் தொழிலில் சகஜம் என்று தள்ளிவிட்டார். என் வீட்டுக்காரர் ஊறிய நெல்லைக் கையில் அள்ளி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். நெல் காலில் பட்டால் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மனுஷன். அவருக்கு அது சகஜமாக இல்லை.

அடுத்த வாரம் அப்பா சந்தைக்கு என்று அறந்தாங்கிக்குப் போயிருந்தார். தோணி கரையில் கிடந்தது. இவர் களிமண்ணில் வைக்கோலை நறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டு போனார். வயலில் ஒரு பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்குப் போகாமல் இருக்க என்ன செய்வார்கள்? மடையை அடைப்பார்கள். அதையேதான் செய்தார். சுக்கானுக்குப் பக்கத்தில் பலகை வேர்ப்பதைக் கண்ணால் பார்த்திருந்ததால், தண்ணீர் பின்னால் மட்டும்தான் ஊறுகிறது என்று முடிவு கட்டிவிட்டார். குறுக்கு மரத்து ஓட்டைகளில் மண்ணை அடைத்து, கட்டையால் இடித்து, கரையாமல் இருக்க மேலே கீல் பூசினார். பாராட்டத்தான் வேண்டும், நல்ல கெட்டியான வேலை. நாற்பது வருஷம் தோணி ஓட்டியவனுக்கும் அப்படி ஒரு யோசனை தோன்றியிருக்காது. வானம் பார்த்த பூமிக்காரனால்தான் தோணிக்குள் வரப்புக் கட்ட முடியும்.

ஓட்டைகளில் கோத்திருந்த கயிறு மிச்சமாயிற்று. அதைக் கொண்டுவந்து வீட்டுக் கன்றுக்குட்டியைக் கட்டினார். அப்பா அந்தக் கயிற்றைப் பார்த்தார். புதுக் கயிறு மாற்றியிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. நேரில் கேட்க முடியாது. என் மூலமாகக் கேட்கிற அளவுக்குப் பெரிய விஷயமாகவும் தோன்றவில்லை. இவரும் சொல்லவில்லை. நெல் நனையாமல் வந்து சேர்ந்த பிறகு அதுவே சொல்லும் என்று இருந்துவிட்டார்.

அடுத்த நடைக்குப் பாய்க்காரர் போகவில்லை. திருமயத்தில் அவருடைய பேத்திக்குக் காதுகுத்து. பஸ் ஏறிப் போய்விட்டார். கரையோர ஓட்டம்தானே, இருவரே போதும் என்று அப்பாவும் மருமகனுமாகக் கிளம்பினார்கள். பேச நடுவில் ஆள் இல்லாமல் இருவர் ஒரு தோணியில் போகிறார்களே என்று எனக்கு உறைத்தது. வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

போகும்போது ஒன்றுமில்லை. நெல்லை ஏற்றிக்கொண்டு திரும்புகையில் நடந்ததை இருவரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். நான் ஒட்டுப்போட்டுப் பார்த்ததுதான் இது.

மணமேல்குடி தாண்டியதும் தோணியின் முன்பக்கம் அலையில் எழும்பவில்லை என்று சுக்கானில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்குத் தோன்றியிருக்கிறது. அவர் பாய்மரத்தைப் பார்த்துக்கொண்டு, "பம்பு அடிச்சுப் பாத்தாத் தேவல" என்றார். இவர் அடித்தார். நாலு அடியில் பம்பு காற்றைக் கக்கியது. இவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், அடைத்தது பலித்துவிட்டது என்று. அவரும் கடலைப் பார்த்துக்கொண்டு, "தண்ணி இல்ல. காஞ்சு கெடக்கு" என்றார். பம்பு காற்றை இழுத்தால் தோணி காய்ந்திருக்கிறது என்பதுதான் அப்பாவுக்கும் தெரிந்த கணக்கு. டப்பாவால் இறைத்த காலமாக இருந்தால் மிதிபலகையைத் தூக்கிப் பார்த்திருப்பார். மூட்டைகளை முன்னால் கூடுதலாக அடுக்கிவிட்டாரோ என்று சந்தேகப்பட்டார். அதைக் கேட்டால் மாப்பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி ஆகும் என்று வாயைக் கட்டிக்கொண்டார். முன்பக்கம் கனக்கிறது என்பது ஒருவருக்குத் தெரியும். ஓட்டைகளை அடைத்தது இன்னொருவருக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்து வைக்க ஆளில்லாமல் தோணி போய்க்கொண்டிருந்தது.

முன்பக்கத்தில் ஏதோ ஒரு பலகை இணைப்பு விட்டுப்போய், தண்ணீர் உள்ளே வந்து, பின்னால் ஓட வழியில்லாமல் அங்கேயே நின்று ஏறியிருக்கிறது. அடி மூட்டை நெல் தண்ணீரைக் குடித்து உப்பத் தொடங்கியது. மிதிபலகை ஒன்று தானாக மேலே எழும்பி மூட்டையைச் சாய்த்தது. மூட்டைகளின் சந்தில் தண்ணீர் பளபளத்தது. உப்புகிற நெல் பழைய தோணியைப் பிளந்துவிடும் என்பது அப்பாவுக்குத் தெரியும். அப்போதுதான் அவர் வாய் திறந்தது.

"டேய்! முன்னாடி தண்ணிடா! ஓட்டைய என்னடா பண்ணித் தொலைச்சே?"

"அடைச்சுட்டேன் மாமா! நெல்லு நனையுதுன்னு அடைச்சுட்டேன்!"

"அடப் பாவி! மூட்டையத் தூக்கிக் கடல்ல போடுடா! மொதல்ல ஓட்டையத் தொறடா!"

இவர் நெல் மூட்டைகளைத் தூக்கிக் கடலில் போட்டார். ஒவ்வொரு மூட்டைக்கும் அழுதாராம். அதை அவர் சொல்லவில்லை, அப்பாதான் சொன்னார். பிறகு தண்ணீருக்குள் குப்புறப் படுத்து, அடைத்த மண்ணைக் கத்தியாலும் விரலாலும் நோண்டினார். நன்றாக வேலை செய்த பாவம், சுலபத்தில் பெயரவில்லை. நகங்கள் பிய்ந்தன. அப்பா தன் துண்டால் சுக்கானைக் கட்டிவிட்டுப் பம்புக்கு வந்தார். கடைசி அடைப்பும் விட்டதும் முன்பக்கத் தண்ணீர் மொத்தமும் குபுகுபுவென்று பின்பக்கப் பள்ளத்துக்கு ஓடியது. பம்பு கனத்து இழுக்க ஆரம்பித்தது.

"விட்டுடாதீங்க மாமா, ஏத்தி அடிங்க! தோலு தாங்கும்!"

"நீ முன்னாடி பாருடா! சாக்கக் கிழிச்சு அந்தச் சந்துல திணிடா!"

அன்று சாயங்காலம் தோணி தலையைக் குனிந்துகொண்டு வந்து எங்கள் கரைச் சேற்றில் ஏறி நின்றது. பாதி நெல் போயிருந்தது. ஆட்கள் இருவரும் முழுசாக வந்து சேர்ந்தார்கள். என் வீட்டுக்காரர் இறங்கி வரும்போது முகம் வெளிச்சமாக இருந்ததுதான் எனக்கு விளங்கவில்லை. இவ்வளவு நஷ்டத்துக்கும் நடுவில் என்ன வெளிச்சம்? ஊர்க்காரர்கள் நாலு பேர் ஓடி வந்தார்கள். அவர்கள் முன்னிலையில் அப்பா இடுப்புத் துண்டைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து, "ஆத்தா, மாப்ளைக்கு வெரல்ல காயம். மஞ்சளரைச்சுப் போட்டுவிடு. அவர வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். என் வீட்டுக்காரர் முகம் அப்படியே அணைந்துபோயிற்று.

மறுநாள் காலையில் இவர் தன் வேட்டி சட்டையை மஞ்சள் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "செஞ்சது நீங்க. பதறிப்போயி ஒரு வார்த்த டேய்னு சொல்லிட்டாரு. அதுக்கு மூட்டையக் கட்டுறீங்களா?" என்றேன்.

அவர் பையைக் கீழே வைத்தார். "டேய்னு கூப்பிட்டதுக்கு இல்ல" என்றார். "எங்க அப்பா போனதுக்கப்பறம் என்னைய அப்புடி ஒருத்தரும் திட்டுனதில்ல. பாழாப்போற தோணில நின்னுக்கிட்டு, செத்தாலும் சாவோம், பரவாயில்லைன்னு எனக்குத் தோணுச்சு. கரைக்கு வந்ததும் மறுபடி மாப்ள, அவரு, இவருன்னுட்டாரு. அதான் தாங்கல."

நான் கொல்லைப்பக்கம் போனேன். அப்பா வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டு, பல் தேய்க்காமல் நின்றுகொண்டிருந்தார். "பொண்ணக் கொடுத்த மாப்ளைய டேய்னு கூப்புட்டுட்டேன். பாவின்னும் சொல்லிட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரோட ஒரு வீட்டுல இருப்பேன்? தொண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பிடுறேன். நீங்க ரெண்டு பேரும் குளத்தூருக்குப் போங்க" என்றார்.

இரண்டு பேருடைய பேச்சையும் கூட்டிக் குறைத்துப் பழகிய என் வாய் அன்று அடங்கிவிட்டது. உள்ளே அவர் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல், அப்பாவிடம் சொன்னேன். அப்பா குச்சியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஏதோ கட்டிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். என் முகத்தைப் பார்த்து நம்பிவிட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரைக்குப் போனார்.

நான் வாசலில் நின்றேன். உள்ளே பை கட்டியபடி இருந்தது. தோணி சேற்றில் சாய்ந்து கிடந்தது. அப்பா அதில் ஏறி மிதிபலகைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி வெளியே போட்டார். குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். வேலை செய்கிற மாதிரித் தெரிந்தாலும் வேலை ஒன்றும் நடக்கவில்லை. வாயைத் திறந்து மூடுவது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. கடைசியில் வீட்டுப் பக்கம் திரும்பி, ஊருக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டார்.

"டேய்! இங்கிட்டு வாடா! எந்த ஓட்டைய அடைச்சே, எதத் தொறந்தேன்னு வந்து காட்டுடா!"

என் வீட்டுக்காரர் செருப்பைக்கூட மாட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். இருவரும் தோணிக்குள் குனிந்ததும் தலைகள் மறைந்துவிட்டன. திட்டுகிற குரலும், பதில் சொல்கிற குரலும், நடுநடுவே சிரிப்பும் கேட்டன. நான் பையைப் பிரித்து வேட்டி சட்டையை எடுத்துக் கொடியில் போட்டேன். தொண்டிக்காரருக்குச் சொல்லி அனுப்பவே இல்லை. அதற்குப் பிறகு இருவரும் கடலிலும் பேசினார்கள், கரையிலும் பேசினார்கள், சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தும் பேசினார்கள். காற்று, பலகை, கீல், பம்பு, இதைத் தவிர அவர்களுக்கு வேறு உலகமே இல்லை. நான் ஆசைப்பட்டது இதைத்தான். இருவரும் ஒரே கூரையின் கீழ் எனக்குக் கிடைத்தார்கள். ஆனால் "ஆத்தா, அவருகிட்டச் சொல்லு" என்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அப்பா என்ன நினைக்கிறார், என் வீட்டுக்காரர் எதற்கு வருத்தப்படுகிறார் என்பது அதுவரை எனக்கு அன்றாடம் தெரிந்துகொண்டிருந்தது. பிறகு நானே கேட்டால்தான் உண்டு. கேட்டால், "ஒண்ணுமில்ல, தோணி விஷயம்" என்பார்கள்.